வளைவுக்கு வெளியே நின்ற பேருந்து

பிப்ரவரி 9, ஞாயிறு

கீழப்பனையடிக்குப் பேருந்து வரப்போகிறது. காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை. ஆணை வந்துவிட்டது. தென்காசியிலிருந்து வந்து, விலக்கில் பிரதான சாலையை விட்டுத் திரும்பி, ஊருக்குள் நுழைந்து, கோவில் திடலில் வட்டமடித்துப் போகும்.

இதுவரை எங்களுக்குப் பேருந்து என்றால் விலக்கோடு சரி. அங்கிருந்து ஊர் வரை உடைமரங்களுக்கு நடுவே ஒரு தார்ச்சாலை. பாதி தார். பாதி ஞாபகம்.

தங்கை ஆனந்தவள்ளி செய்தியைக் கேட்டதும் எழுந்து போனாள். பீரோவைத் திறந்தாள். வெள்ளைக் கோட்டை எடுத்து உதறி, மறுபடி மடித்து வைத்தாள். ரத்தப் பரிசோதனைப் படிப்பு முடித்து ஒரு வருடமாகிறது. தென்காசியில் ஒரு லேபில் அவளுக்கு இடம் இருக்கிறது. அப்பாவின் நிபந்தனை ஒன்றே ஒன்று.

"ஒத்தையில அந்த உடங்காட்டுக்குள்ள நடந்து போய் ஒரு வேலையும் வேண்டாம். ஊருக்குள்ள பஸ் வரட்டும், போ."

அப்பா ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். நாட்டின் எல்லையில் நின்றவருக்கு விலக்கு வரைக்குமான சாலை மேல் நம்பிக்கை இல்லை.

பிப்ரவரி 12

பொருளியல் கட்டுரை தொடங்கினேன். பேருந்து எவ்வகைப் பண்டம்?

ஒருவர் நுகர்வதால் மற்றவருக்குக் குறையக்கூடாது. யாரையும் விலக்க முடியக்கூடாது. இரண்டும் இருந்தால் பொதுப்பண்டம். உதாரணம், தெருவிளக்கு. பேருந்து இரண்டிலும் தோற்கிறது. ஒருவர் உட்கார்ந்தால் இன்னொருவர் நிற்கிறார். டிக்கெட் இல்லாதவரை இறக்கிவிடலாம். ஆக, பாடநூலின்படி பேருந்தும் இட்லியும் ஒரே இனம். தனியார் பண்டம்.

ஆனால் இட்லி வரவில்லை என்று யாரும் சாலை மறியல் செய்வதில்லை.

ஏன்?

பேனா இங்கே நின்றது. சாப்பிடப் போனேன். இட்லி.

பிப்ரவரி 20

தென்காசிப் பேருந்து நிலையம். எங்கள் விலக்கு வழியாகப் போகும் சுரண்டை வண்டி உள்ளே திரும்பும்போதே ஜன்னல்கள் வழியாகத் துண்டுகள், பைகள், ஒரு குழந்தையின் செருப்பு. துண்டு விழுந்த இடம் போட்டவருக்குச் சொந்தம். பட்டா கிடையாது, பத்திரம் கிடையாது. யாரும் மீறுவதும் கிடையாது.

ஆய்வுக்காக மீறினேன். ஒரு துண்டை நகர்த்தி உட்கார்ந்தேன். உரிமையாளர் சாவகாசமாக ஏறி வந்தார்.

"தம்பி, துண்டு கெடந்துதுல்லா?"

"பொது பஸ்தானே, அண்ணாச்சி."

"பஸ்ஸு பொதுதான். துண்டு என்னுது."

எழுந்துவிட்டேன். நின்றபடியே வந்ததில் ஒன்று தெரிந்தது: சொத்துரிமை பற்றிப் பல்கலைக்கழகத்தில் இரண்டு பருவம் படித்தேன். இவ்வளவு சுருக்கமாக அங்கே யாரும் சொல்லவில்லை.

மார்ச் 4

ஊர்க்கூட்டம். பேருந்தை எப்படி வரவேற்பது? பேருந்து வந்த பிறகு சாலை தாங்குமா என்பது பேச்சில் இல்லை.

வாழைமரம் கட்டலாம் என்றார்கள். சென்னையில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் பெலிக்ஸ் அண்ணாச்சி வந்திருந்தார். "வாழ நாலு நாள்ல வாடிரும். நெரந்தரமா ஒண்ணு செய்வோம்" என்றார். விலக்கில், ஊர்ச்சாலை தொடங்கும் இடத்தில், கான்கிரீட்டில் ஒரு வரவேற்பு வளைவு. மறைந்த அம்மா ஞானபாக்கியத்தின் நினைவாக. செலவு முழுவதும் அவருடையது. கைதட்டல். அப்பா வளைவுக் கமிட்டிச் செயலாளர் ஆனார்.

பெண்கள் பக்கத்திலிருந்து ஆனந்தவள்ளி கேட்டாள்: "அந்தச் செலவுல ரோட்டு நெடுக லைட்டு போடலாம்லா, அண்ணாச்சி?"

"லைட்டுல பேரு எழுத முடியாதேம்மா" என்றார்.

நல்ல மனிதர். பொய் சொல்லத் தெரியாது.

இரவு குறித்துக்கொண்டது: வளைவு. எத்தனை பேர் பார்த்தாலும் தேயாது. யார் பார்ப்பதையும் தடுக்க முடியாது. இதுவரை பாடநூலில் மட்டும் இருந்த தூய பொதுப்பண்டம் எங்கள் ஊருக்கு வருகிறது. பேருந்தைவிட முன்னதாகவே.

மார்ச் 16

வளைவின் உயரம் பற்றிக் காலையில் தொடங்கி மாலை வரை.

உச்சிமாகாளி அம்மன் சப்பரமும் அந்தோனியார் சப்பரமும் திருவிழாவில் விலக்கு வரை போய்த் திரும்பும். எது உயரம் என்பது இங்கே வெறும் அளவு இல்லை. காண்ட்ராக்டர் வீரபாகு இரண்டையும் திடலுக்குக் கொண்டுவரச் சொல்லி, இரு தரப்பாரும் சுற்றி நிற்க, நாடா பிடித்து அளந்தார். அம்மன் சப்பரத்தின் கலசம் இம்மி கூடுதல். அந்தோனியார் தரப்பு, உச்சியிலிருந்த சிலுவையை நிமிர்த்தி வைத்துவிட்டு மறுபடி அளக்கச் சொன்னது. இப்போது சமம். கலசத்துக்கு மேலே பூ வைப்பது உண்டு என்றது அம்மன் தரப்பு. பூவும் அளக்கப்பட்டது.

இரண்டுக்கும் மேலே ஒரு முழம் விட்டுக் கட்டுவது என்று முடிவு.

அப்பா வீட்டுக்கு வந்து இரண்டு தம்ளர் மோர் குடித்தார். "ஒரு சண்டையில்ல, சச்சரவில்ல. அளவுன்னா இப்படி எடுக்கணும்லே" என்றார் என்னிடம்.

ஏப்ரல் 6

வளைவில் எழுத வாசகம் வேண்டுமாம். "நீ கவிதையெல்லாம் எழுதுதியாம்லா" என்றார் பெலிக்ஸ் அண்ணாச்சி.

மூன்று நாள் யோசித்து ஒரே ஒரு சொல் கொடுத்தேன்: வா.

தாளைத் திருப்பிப் பார்த்தார். "மிச்சம் எங்க?"

முடிவில் நின்றது: கீழப்பனையடி தங்களை அன்புடன் வரவேற்கிறது. அதன் கீழே அம்மா பெயர். அதன் கீழே அண்ணாச்சி பெயர். அதன் கீழே கடையின் பெயர், கைபேசி எண், கிளைகள் இல்லை என்ற அறிவிப்பு.

ஏப்ரல் 22

வளைவுக்கு வண்ணம். ஒரு தூண் மஞ்சள், ஒரு தூண் நீலம், நடுவே யாருக்கும் ஆட்சேபமில்லாத வெள்ளை. இதற்கும் ஒரு கூட்டம்.

மே 3

லேப் டாக்டர் ஜூலை முதல் வாரம் வரை பொறுப்பாராம். அதன் பிறகு கடையநல்லூர்ப் பெண் ஒருத்திக்கு அந்த இடம். ஆனந்தவள்ளி இதைப் பாத்திரம் விளக்கிக்கொண்டே சொன்னாள். அவளுக்குக் கலக்கம் என்றால் எங்கள் வீட்டு வெண்கலம் மின்னும்.

அலமாரி மேல் ஒரு ஜாதகம் இருக்கிறது. பையன் போலீஸ், புளியறை செக்போஸ்ட்டில் வேலை. அப்பா அதை அவ்வப்போது எடுத்துத் தூசி தட்டி வைக்கிறார். "பஸ் வரலன்னா சும்மா எதுக்கு இருக்கணும்" என்கிறார். பேருந்து வராவிட்டால் போலீஸ் வரும். இரண்டும் ஒன்றுக்கொன்று பதிலீட்டுப் பண்டங்கள் என்று நான் எழுதினால் அவள் பேச மாட்டாள்.

ஜூன் 1, ஞாயிறு

எழுதியே ஆக வேண்டும். சிரிக்காமல் எழுத முடியுமா?

விலக்கில் பந்தல். மேளம். வளைவுக்கு ரிப்பன். அப்பா மைக்கைப் பிடித்தார். ராணுவத்தில் கிடைக்காத சந்தர்ப்பம். "இந்த வளைவுல இருந்து நம்ம ஊரு ஆரம்பிக்குது. இதுக்கு உள்ள காலு வச்சா நம்ம வீட்டுக்குள்ள வந்த மாதிரி. ராத்திரி, பகல்னு ஒரு பயமும் கெடையாது." பலத்த கைதட்டல்.

பேருந்து வந்தது. மாலை போட்டார்கள், தேங்காய் உடைத்தார்கள். ஓட்டுநர் மெல்ல நகர்த்தி, வளைவுக்கு முன்னால் நிறுத்தினார். நடத்துநர் மந்திரமூர்த்தி இறங்கினார். அண்ணாந்து வளைவைப் பார்த்தார். பேருந்தின் கூரையைப் பார்த்தார். மறுபடி வளைவைப் பார்த்தார்.

"இடிக்கும்" என்றார்.

மேளம் கொஞ்ச நேரம் தொடர்ந்தது. அவர்களுக்குக் கேட்கவில்லை.

இரண்டு சப்பரங்களை அளந்தோம். கலசத்தின் மேல் வைக்கும் பூவை அளந்தோம். எதற்காக வளைவோ அந்தப் பேருந்தை யாரும் அளக்கவில்லை. அதற்குத் தரப்பு இல்லை.

ஒருவர் மேலே ஏறிப் பார்த்து நான்கு விரல் என்றார். நான்கு விரல்தானே என்று எல்லாருக்கும் தெம்பு வந்துவிட்டது.

"ஆள ஏத்துங்கலே. பாரத்துல வண்டி தணியும்" என்றார் வீரபாகு.

ஊரே ஏறியது. படியில், ஓட்டுநர் பக்கத்தில், ஒருவர் மடியில் ஒருவர். பேருந்து உண்மையிலேயே தணிந்தது. இன்னும் இரண்டு விரல்தான் பாக்கி. அப்போது மந்திரமூர்த்தி பையைத் தட்டினார்.

"ஏறினவங்க எல்லாரும் டிக்கெட் எடுத்துக்கிடுங்க."

ஆண்கள் இறங்கிவிட்டார்கள். பெண்களுக்கு இலவசம் என்பதால் அவர்கள் மட்டும் உள்ளே இருந்தார்கள். பேருந்து ஒரு விரல் எழும்பியது.

"நம்ம ஊரு பஸ்ஸுல நிக்கதுக்கு நாமளே துட்டு குடுக்கணுமாவே?" என்றார் பரமசிவன் மாமா, கோவில் தரப்பு.

"இது உங்க ஊரு பஸ் இல்ல, அண்ணாச்சி. உங்க ஊருக்கு வாற பஸ்" என்றார் மந்திரமூர்த்தி. கொஞ்சம் யோசித்துவிட்டு, "வாறதுன்னும் சொல்ல முடியல" என்றார்.

டயரில் காற்றைக் குறைக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. ஓட்டுநர் யாரிடமும் பேசாமல் பின்பக்கம் எடுத்து, திருப்பி, நிறுத்தி, பெண்களை இறக்கினார். ஆனந்தவள்ளி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கடைசியாக இறங்கியது அவள்.

ஜூன் 2

நெரிசல் கூடினால் பண்டத்தின் தரம் குறையும் — நூல்.

நெரிசல் கூடினால் பண்டத்தின் உயரம் குறையும் — கீழப்பனையடி.

ஜூன் 5

வளைவை இடிப்பதா? பெலிக்ஸ் அண்ணாச்சி வளைவுக்குக் கீழே போய் நின்றார். அம்மாவின் பெயரை அண்ணாந்து பார்த்தார். கண் கலங்கியது. அதன் பிறகு இடிப்பு என்ற சொல்லையே யாரும் எடுக்கவில்லை.

உயர்த்துவதா? உயர்த்தினால் அளவு மாறும். அளவு மாறினால் சப்பரங்கள் மறுபடி திடலுக்கு வரும். அப்பா முகம் வெளிறியது.

வீரபாகு தொண்டையைச் செருமினார். "வளைவத் தொட வேண்டாம். ரோட்டத் தோண்டித் தாத்துவோம்."

நிறைவேறியது. ஒருமனதாக.

எல்லாரும் கலைந்த பிறகு ஆனந்தவள்ளி கேட்டாள், "அண்ணே, நீ படிச்சிருக்கியே. ஒண்ணும் சொல்லலியே?"

"கட்டுரையில் எழுதுகிறேன்" என்றேன். எழுத்துத் தமிழில்தான் சொன்னேன். பேச்சில் அது வாயில் நிற்காது.

ஜூன் 14, சனி

தோண்டியாயிற்று. வளைவுக்குக் கீழே சாலை ஒரு தொட்டில் போலத் தாழ்ந்து எழுகிறது. ஜல்லி பரப்பி மட்டம் தட்டியிருக்கிறார்கள். திங்கட்கிழமை பேருந்து வரும். இந்த முறை வீரபாகு பேருந்தின் உயரத்தை டெப்போவுக்கே போய் அளந்து வந்தார். பூவையும் சேர்த்தா என்று கேட்டேன். முறைத்தார்.

ஆனந்தவள்ளி கோட்டுக்கு இஸ்திரி போட்டாள்.

ஜூன் 15

சாரல்.

ஜூன் 16

குழி நிறைந்துவிட்டது. பேருந்து வந்தது, ஓட்டுநர் இறங்கி ஒரு கல்லைத் தூக்கிப் போட்டுப் பார்த்தார். கல் போன சத்தம் அவருக்குப் பிடிக்கவில்லை. மந்திரமூர்த்தி என்னைப் பார்த்து, "மொதல்ல தல இடிச்சுது. இப்ப காலு முங்குது" என்றார்.

போய்விட்டார்கள்.

மழை என்று ஒன்று இருப்பதை எப்படி மறந்தோம்? மலைக்கு இந்தப் பக்கம் பிறந்து வளர்ந்தவர்கள். ஜூனில் சாரல் வரும் என்று குற்றாலத்துக்கு வருகிற மதுரைக்காரனுக்குக்கூடத் தெரியும்.

ஜூன் 22, ஞாயிறு

வீட்டில் இருக்க முடியாமல் குற்றாலம் போனேன். தென்காசியில் ஏறிய வண்டியில் மந்திரமூர்த்தி. அதே பேருந்து. முன்கண்ணாடியில் 'கீழப்பனையடி' பலகையைத் திருப்பி வைத்து, முதுகில் சாக்பீஸால் 'குற்றாலம்' என்று எழுதியிருந்தார்கள்.

"அங்கன குழி வத்துற வரைக்கும் இங்கன ஓட்டச் சொல்லிட்டாவ. சீசன்லா" என்றார். "உங்க ஊரால வண்டிக்கு நல்ல கலெக்சன், தம்பி."

திரும்பும்போது உடம்பு முழுக்க எண்ணெய் வழிய ஒருவர் ஏறினார். நெரிசலிலும் அவர் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது. பிறரை விலக்கத் துண்டு மட்டுமே வழி என்று நினைத்திருந்தேன்.

பேரருவி பற்றி: நீர் தீராது, நிற்கும் இடம் தீரும். போலீஸ்காரர் விசிலடித்து, "போதும், நவுரு" என்கிறார். எவ்வளவு குளித்தால் போதும் என்பதை அரசு முடிவு செய்யும் ஒரே இடம். எனக்குக் கிடைத்தது முன்னால் நின்றவர் முதுகில் பட்டுத் தெறித்தது. பயன்படுத்தப்பட்ட அருவி. அதுவும் குளிர்ச்சியாகத்தான் இருந்தது.

என்ன எழுதிக்கொண்டிருக்கிறேன்? இன்னும் பத்துப் பதினைந்து நாளில் அவளுடைய இடம் போய்விடும். அருவியை வகைப்படுத்திக்கொண்டிருக்கேன். வெக்கமாயில்ல?

ஜூன் 28

மாலை. அப்பா ஜாதகத்தை எடுத்து மேசை மேல் வைத்தார். இந்த முறை தூசி தட்டவில்லை. ஆனந்தவள்ளி பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

"அப்பா, நம்ம ஊரு எங்கன ஆரம்பிக்குது?"

"என்னட்டி கேள்வி இது?"

"மைக்குல சொன்னியள்லா."

"வளைவுல இருந்து. அதுக்கென்ன?"

"வளைவுக்கு உள்ள காலு வச்சா?"

அடுப்படியிலிருந்து அம்மா சொன்னாள்: "நம்ம வீட்டுக்குள்ள வந்த மாதிரின்னாவ. நல்லாத்தான் பேசினாவ."

"அப்போ நான் வீட்டுக்குள்ளதான நடக்கப் போறேன். வாசல்ல பஸ் ஏறப் போறேன். சொரண்ட வண்டி அங்கன நிக்குதுல்லா."

"ஊருக்குள்ள பஸ் வரணும்னு சொன்னேன்."

"வந்துச்சே. நீங்கதான மால போட்டிய. வராத பஸ்ஸுக்கா தேங்கா ஒடச்சிய?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். மறுபடி அவளிடம் திரும்பினார்.

"ஒத்தையில விட மாட்டேன். அதுல மாத்தமில்ல."

"ஒத்தையில இல்ல. சுஜிதாவும் வாறா. தென்காசில தையல் கிளாஸு."

சுஜிதா, பெலிக்ஸ் அண்ணாச்சியின் தம்பி மகள். அவள் அப்பா எங்கள் அப்பாவைவிட இறுக்கம்.

"அவன் எப்படிட்டி விட்டான்?"

"நீங்க என்னைய விட்டுட்டியன்னு சொன்னோம். மிலிட்டரிக்காரரே விட்டுட்டாரான்னு கேட்டுட்டு, சரின்னுட்டாவ."

ஊரில் ஒவ்வொரு அப்பாவும் அடுத்த அப்பா என்ன செய்கிறார் என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். முதலில் யார் என்பதுதான் சிக்கல். அவள் ஒருவரை முதலாமவராக அறிவித்துவிட்டாள். அவருக்குத் தெரியாமலே.

"பொய் சொல்லிருக்க" என்றார் அப்பா.

"நீங்க சரின்னு சொல்லிட்டா பொய்யில்லையே."

அப்பா எழுந்து வெளியே போனார். போகும்போது சரி என்று சொல்லவில்லை. ஜாதகத்தை எடுத்து அலமாரி மேல் வைத்துவிட்டுப் போனார்.

ஜூலை 2, புதன்

போய்விட்டாள். சுஜிதாவும் அவளும். பையில் கோட்டு. அப்பா வயலுக்குத் தண்ணீர் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கொஞ்சம் பின்னால் அதே சாலையில் நடந்தார். எங்கள் வயல் எதிர்த் திசையில் இருக்கிறது.

ஜூலை 11

நான்கு பேர் ஆகிவிட்டார்கள். காலையில் அந்தச் சாலையில் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. குழியை ஓரமாகச் சுற்றிப் போகப் பலகை போட்டிருக்கிறார்கள். அவர்களே போட்டது. அதில் பெயர் எழுதப்படவில்லை.

ஜூலை 20

பெலிக்ஸ் அண்ணாச்சி சென்னையிலிருந்து மோட்டார் அனுப்பியிருக்கிறார், குழித் தண்ணீரை இறைக்க. மோட்டாரின் மேல் பெரிய எழுத்தில் அம்மா பெயர். இறைத்த தண்ணீர் பக்கத்துப் பள்ளத்தில் விழுந்து, சாலைக்கு அடியில் ஊறி, மறுபடி குழிக்கே வருகிறது. வீரபாகு இதைச் சுழற்சி என்கிறார். மோட்டார் நாள் முழுக்க ஓடுகிறது. வேலை நடக்கிற சத்தம் ஊருக்கு ஆறுதலாக இருக்கிறது.

கட்டுரை ஒன்பது பக்கம் வந்துவிட்டது. முடிவுரை இல்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பேருந்து இன்னும் குற்றாலத்தில்தான். சீசன் முடிந்ததும் அனுப்புவார்களாம். குழியில் தவளைகள்.

ஆனந்தவள்ளி மதியம் காலை நீட்டி உட்கார்ந்து கெண்டைக்காலை அமுக்கிக்கொண்டிருந்தாள். நேற்று தென்காசி வரை நின்றே போனாளாம். சுரண்டை வண்டி ஏற்கெனவே நிரம்பி வருகிறது. அதில் எங்கள் ஊர்ப் பெண்களே இப்போது ஏழு பேர். முதல் வாரம் உட்கார்ந்து போனாள். இப்போது இடமில்லை.

"நீங்கள்லாம் வராம இருந்தா நான் ஜம்முனு உக்காந்து போயிருப்பேன்னு சொன்னேன். சிரிக்காளுவ" என்றாள்.

பேருந்துக்குள் ஒவ்வொருத்தியும் அடுத்தவளுக்கு ஓர் இருக்கை குறைவு. பிப்ரவரியில் நான் எழுதிய முதல் பத்தி அப்படியே நிரூபணமாகிவிட்டது. நோட்டை எடுக்கப் போனேன்.

"நாளையில இருந்து பெர்சிஸும் வாறா. நான்தான் வரச் சொன்னேன்" என்றாள்.

பெர்சிஸ், மேலத்தெரு. தென்காசியில் ஒரு கடையில் கணக்கு எழுத இடம் கிடைத்தும் போகாமல் இருப்பவள்.

"உனக்கே நிற்க இடமில்லை. இன்னும் ஓர் ஆளை எதற்குக் கூப்பிடுகிறாய்?"

"பஸ்ஸுக்கு இல்லண்ணே. நடக்கதுக்கு ஆளு வேணும்லா. சாயங்காலம் இருட்டுல இப்ப நாங்க பாட்டு படிச்சிட்டு வாறோம்."

நோட்டைத் திறந்தேன். வழித்துணை: ஆள் கூடக்கூடக் கூடுகிற ஒன்று. பண்டங்களைப் பிரிக்கும் பாடநூலின் நான்கு கட்டத்தில் எதில் வைப்பது?

"ஆனா அவுக அப்பா விட மாட்டுக்காரு" என்றாள் அவள்.

உள்ளேயிருந்து கட்டில் கிறீச்சிட்டது. அப்பா கொடியில் கிடந்த சட்டையை எடுத்து மாட்டினார். பொத்தானைப் போட்டுக்கொண்டே வாசலில் செருப்பைத் தேடினார்.

"எங்க போறிய?" என்றாள் அம்மா.

"மேலத்தெரு வரைக்கும்" என்றார். "அந்த ஆளுக்கு நாஞ் சொன்னாத்தான் புரியும்."